இலவசப் படிப்புக்குக் கட்டிய வட்டி

என் தம்பி ஃப்ரீயாகப் படித்தான் என்று ஊரில் பேர். குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அத்தை தொடங்கி, ரேஷன் கடை வரிசையில் நிற்கும் சித்தப்பா வரை எல்லோரும் இதையே சொல்கிறார்கள். "உங்களுக்கு என்னாம்மா, பையன் பத்து பைசா செலவில்லாம இன்ஜினியரிங் முடிச்சிட்டான்." நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள். வரவு என்று ஒன்றைக் காட்டினால் பற்று எங்கே என்று தேடுகிற புத்தி எனக்கு வந்துவிட்டது. அந்தப் பத்து பைசாக் கணக்கை இங்கே எழுதிவிடுகிறேன்.

2022 ஜூனில் அவனுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அந்த வாரமே சென்னைப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து போன். மெரிட் ஸ்காலர்ஷிப், டியூஷன் ஃபீஸ் முழுத் தள்ளுபடி, பத்து நாளுக்குள் சீட்டை உறுதி செய்ய வேண்டும். அரசின் பொறியியல் கலந்தாய்வு தொடங்க இன்னும் நாள் இருந்தது. இந்த இடைவெளிதான் தனியார்களுக்கு அறுவடைக் காலம். கையில் இருக்கிற சீட்டை விட்டுவிட்டு வரப்போகிற சீட்டுக்குக் காத்திருக்கிற தைரியம் கொத்தனார் கையாள் வேலைக்குப் போகிற அப்பாவுக்கு எங்கிருந்து வரும்?

கலந்தாய்விலும் எங்களுக்குக் கதவுகள் பாதிதான் திறந்திருந்தன. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை அவனுக்குக் கிடையாது. காரணம் நான். தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டேன். வீட்டில் ஒருத்தி பட்டம் வாங்கிவிட்டால் அடுத்தவனுக்கு அந்தச் சான்றிதழ் வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இல்லை, ஏனென்றால் அவன் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. ஒரே தெரு, ஒரே ரேஷன் அரிசி. பள்ளிக்கூட வாசலில் உள்ள போர்டு மட்டும் வேறு.

டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி என்றால் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் தள்ளுபடி. இதைச் சேர்ந்த பிறகுதான் எல்லோரும் தெரிந்துகொள்கிறார்கள். ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், காஷன் டெபாசிட், 'இதர கட்டணம்' என்று ஒன்று. அந்த 'இதர'வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு கவுன்டரில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லாம் சேர்த்து முதல் வருடம் லட்சத்தைத் தாண்டியது. ஜூலைக்குள் முதல் தவணை 60,000.

கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். நாலு லட்சம் வரைக்கும் அடமானம் கேட்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும், ஆபீசில் பேசிக் கேட்டிருக்கிறேன். மேனேஜர் தம்பியின் அட்மிஷன் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஃபுல் ஸ்காலர்ஷிப்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கும்மா லோன்?" என்றார். பல்கலைக்கழகம் தந்த பெருமையே வங்கியில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அம்மாவின் மூணு பவுன் செயின் அடகுக்கடைக்குப் போனது. ரெண்டு வட்டி. நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய், 60,000 ரூபாய்க்கு மாதம் 1,200. அடகுச்சீட்டு மஞ்சள் நிறம். அம்மா அதை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தாள். செயினின் எடையில் கல்லுக்கும் அழுக்குக்கும் கழித்தது போக, 'மேற்படி நகை பழுது' என்று ஒரு வரி அதில் எழுதியிருந்தது. பழுதில்லாத நகைக்கும் அப்படித்தான் எழுதுவார்களாம்.

இனி வரவுப் பக்கம். நாங்கள் எஸ்.சி. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தம்பிக்குத் தகுதி உண்டு. 1944-இல் தொடங்கிய திட்டம் இது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்குப் போனபோது, "பொண்ணுதான் வேலைக்குப் போவுதே" என்று வி.ஏ.ஓ. ஆபீசில் இழுத்தார்கள். என் சம்பளத்தை நான் சொன்னதும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, கையெழுத்து பிடித்தது.

டியூஷன் ஃபீஸ் ஏற்கெனவே தள்ளுபடி என்பதால் அதற்கென்று பெரிய தொகை எதுவும் வரவில்லை. வந்தது கல்விப்படி. ஹாஸ்டலில் தங்கித் தொழிற்படிப்பு படிக்கிறவருக்கு வருடம் 13,500, வீட்டிலிருந்து போய்வருகிறவருக்கு 7,000. பதிமூன்றரை ஆயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,125. செயினுக்கு வட்டி மாதம் 1,200. ஆபீசில் கால்குலேட்டரில் இதைத் தட்டிப் பார்த்தவள், தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மறுபடி தட்டினேன். அரசு என் தம்பி படிக்கக் கொடுத்த படியைவிட, அவன் படிப்புக்காக நாங்கள் அடகுக்கடைக்குக் கட்டியது மாதம் 75 ரூபாய் கூடுதல்.

அந்தப் பணமும் மாதாமாதம் வருவதில்லை. 2021-இலிருந்து முறை மாறிவிட்டது. மாநில அரசின் பங்கு 40 சதவீதம், மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், இரண்டும் மாணவர் வங்கிக் கணக்குக்கு நேராக, தனித்தனியாக வரும். நல்ல மாற்றம்தான். முன்பு கல்லூரிக் கணக்குக்குப் போன பணம் எத்தனை பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது என்பது வேறு கதை. ஆனால் இப்போது ஆதாரோடு இணைத்த கணக்கு எது என்பதில் சிக்கல். தம்பிக்குப் பள்ளியில் தொடங்கிய ஒரு கணக்கு, காலேஜில் கட்டாயமாகத் தொடங்க வைத்த ஒரு கணக்கு. பணம் எதற்கு வரும் என்பது கடைசியாக ஆதார் எதில் 'சீடிங்' ஆகியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. முதல் வருடப் பணத்தின் ஒரு பங்கு, வரவு செலவு இல்லாமல் செயலற்றுக் கிடந்த பழைய கணக்கைத் தேடிப் போய்த் திரும்பியது. மறுபடி அது வந்து சேர்ந்தபோது அவன் இரண்டாம் வருடத்தில் பாதியைத் தாண்டியிருந்தான்.

கட்டணத்துக்கென்று வரும் தொகையை மாணவர் ஏழு நாளுக்குள் கல்லூரியில் கட்டிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களுக்கு ஏழு நாள் கெடு. எதிர்ப்பக்கம் அப்படி ஒரு கெடுவை யாராவது மதித்ததாகப் பணம் வந்த வேகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

கெடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2024-இல் உத்தரப் பிரதேசத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஊரெல்லாம் திரட்டிக் கட்டப் போவதற்குள் மாலை ஐந்து மணிக்கு இணையதளம் மூடிவிட்டது. இடம் போனது. செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்தப் பையனைச் சேர்க்கச் சொன்னது. எல்லோரும் தீர்ப்பைப் பாராட்டினார்கள், நானும்தான். 17,500 ரூபாய்க்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக முடிந்தவன் ஒருவன். போகாதவர்கள் கணக்கு எந்தப் பேரேட்டிலும் இல்லை.

தம்பிக்குக் கெடு வந்தது ஹால் டிக்கெட் ரூபத்தில். இரண்டாம் செமஸ்டர் தேர்வுக்கு முன்பு மெஸ் பாக்கி இருக்கிறது என்று நிறுத்தி வைத்தார்கள். உதவித்தொகை வந்ததும் கட்டிவிடுகிறோம் என்று விண்ணப்ப நகலோடு போனேன். முன்கூட்டிப் பணம் கட்டாமல் எஸ்.சி. மாணவர்கள் சேர 'ஃப்ரீஷிப் கார்டு' தரலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். "அதெல்லாம் கவர்மென்ட் காலேஜுக்கு மேடம்." முடிந்தது. தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் ஆபீஸ் முதலாளியிடம் கைமாத்து வாங்கி ஜி-பே பண்ணினேன். அதே வாரத்தில்தான் கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கோட் போட்ட பிள்ளைகள் ஆறு பேர். இடமிருந்து மூன்றாவது என் தம்பி. கோட் அவர்கள் கொடுத்து, படம் எடுத்ததும் திரும்ப வாங்கிக்கொண்டது.

இதெல்லாம் பணம். எழுதிவிடலாம். கணக்கில் ஏறாத இன்னொன்றும் இருக்கிறது. அதை அவன் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான், பாதியை நானே ஊகித்தேன்.

அவன் பெயர் இரண்டு பட்டியலில் இருந்தது. ஒன்று மெரிட் ஸ்காலர்ஷிப் பட்டியல். அது ஃபிளெக்ஸில் வரும். இன்னொன்று போஸ்ட் மெட்ரிக் பட்டியல். அது வகுப்பில் வரும். ஆபீஸ் அட்டெண்டர் வந்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, "ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் ஆபீசுக்கு வாங்க" என்று பெயர் பெயராகப் படிப்பார். அறுபது பேரில் ஏழெட்டுப் பேர் எழுந்து போவார்கள். அதற்கு மேல் யாரும் யாரிடமும் சாதி கேட்க வேண்டிய அவசியம் இல்லை. மார்க் வாங்கி வந்தவன் என்பதை ஃபிளெக்ஸ் பார்த்த கடலூர்க்காரர்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள், கூடப் படித்தவர்கள் இரண்டாவது பட்டியலைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். முதல் வருடம் கோடிங் போட்டியில் பரிசு வாங்கியபோது ஒருத்தன், "இதுலயும் கோட்டா இருக்கா மச்சான்?" என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டே கேட்டானாம். தம்பியும் சிரித்தானாம்.

ஒருமுறை உதவித்தொகைக்காக விரல் ரேகை வைக்கப் போன இடத்தில் மெஷின் இவன் ரேகையை எடுக்கவில்லை. லீவில் வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பான். பண்ருட்டி, குள்ளஞ்சாவடிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் எவ்வளவு சாம்பல் தடவிக்கொண்டு உடைத்தாலும் கொட்டையிலிருந்து கசியும் எண்ணெய் விரல் நுனித் தோலைத் தின்றுவிடும். கறுத்து, உரிந்து, புதுத் தோல் வர நாளாகும். மெஷினில் சிவப்பு விளக்கு. பின்னால் வரிசை. "கையைத் துடைச்சிட்டு வை" என்று அதட்டல். கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறான். கடைசியில் கண் கருவிழி எடுக்கும் மெஷின் இருக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். "அடுத்த லீவுல நான் கொட்டை உடைக்கல யக்கா" என்று அவன் சொன்னபோது அம்மா, படிப்பு ஏறியதும் பையனுக்கு வேலை செய்யக் கூச்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

கூடப் படித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரூம்மேட் கோயம்புத்தூர்ப் பையன், அப்பாவுக்கு மோட்டார் பம்பு கம்பெனி. மூன்றாம் வருடம் புது லேப்டாப் வாங்கியதும் பழையதைத் தம்பியிடம் கொடுத்துவிட்டான், திருப்பிக் கேட்கவே இல்லை. ஆனால் நல்லவர்களோடு இருப்பதற்கும் செலவு உண்டு. பிறந்தநாள் ட்ரீட், டிபார்ட்மென்ட் ஹூடி, தொழிற்சாலை பார்க்கப் போகிற கேரளா ஐ.வி., ஃபேர்வெல் வேட்டி சட்டை. ஒவ்வொன்றுக்கும் ஐநூறு, எண்ணூறு, ஐயாயிரம். வளாகத்துக்குள் ஒரு கோல்டு காபி 90 ரூபாய், இவன் கல்விப்படியை நாள் கணக்காகப் பிரித்தால் 37 ரூபாய். எங்கள் அப்பாவுக்கு அண்ணனே கிடையாது. ஆனால் அந்த நாலு வருடத்தில் எனக்குத் தெரியாமல் என் பெரியப்பாக்கள் பலர் செத்திருக்கிறார்கள். ஐ.வி.க்கு ஒருவர், கல்ச்சுரல்ஸுக்கு ஒருவர். நம்பிக்கொண்டு அனுதாபம் சொன்ன நண்பர்களைப் பார்க்கத்தான் அவனுக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

இதில் எனக்கு அதிகம் கோபம் வருவது எட்டு என்ற எண்ணின் மேல். மெரிட் தள்ளுபடி தொடர சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்குக் கணக்கிடும் மொத்த மார்க் சராசரி, 8-க்குக் கீழே போகக் கூடாது, அரியர் வைக்கக் கூடாது. படிக்கிறவனுக்கு இது நியாயமான நிபந்தனைதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், ரூம்மேட் ஒரு பேப்பரில் தோற்றால் அவனுக்கு நஷ்டம் மறுதேர்வுக் கட்டணம், சில நூறு ரூபாய். என் தம்பி தோற்றால் லட்சத்துக்கு மேல். ஒரே வினாத்தாள், ஒரே மூன்று மணி நேரம், ஒரே தப்பு. தண்டனை மட்டும் நூறு மடங்குக்கும் மேல். அதனால் அவன் கஷ்டமான எலெக்டிவ் எடுக்கவில்லை, மார்க் நன்றாகப் போடுவார் என்று பேர் வாங்கிய ஆசிரியரின் பேப்பரைத்தான் எடுத்தான். ரோபோடிக்ஸ் கிளப்பில் சேரவில்லை. இன்டர்னல் மார்க்கைத் தப்பாகக் கூட்டிய ஆசிரியரிடம் போய்க் கேட்கவில்லை. ரூம்மேட்டுக்கு நாலு அரியர். ஆனால் கிளப், ஹேக்கத்தான், சென்னையில் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் எல்லாம் பண்ணினான். இன்டர்வியூவில் பேசுவதற்கு அவனிடம் ஆயிரம் கதை இருந்தது. என் தம்பியிடம் மார்க் ஷீட் இருந்தது.

அப்படிக் காத்தும் ஒருமுறை 7.9-க்கு இறங்கிவிட்டது. நவம்பர் மழைக்குப் பிறகு டெங்கு, இன்டர்னல் இரண்டு போயிற்று. கடலூரில் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கான சீட்டுகளோடு எழுதிக் கொடுத்தோம். 'பாலிசி' என்றார்கள். அடுத்த வருடத் தள்ளுபடி பாதியாகக் குறைந்தது. அந்த வருடம் அப்பா புதுச்சேரியில் ஒரு மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கி, அந்த வேலை முடியும் வரைக்கும் வேறெங்கும் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். செயின் மீட்காமல் கிடந்தது. பவுன் விலை ஏற ஏற அடகுக்கடைக்காரர் தாமாகவே, "இன்னும் முப்பது நாப்பது வாங்கிக்கலாம்மா" என்றார். எங்கள் மேல் நம்பிக்கை வைத்து, கேட்காமலே கூடுதலாகக் கொடுக்க முன்வந்த ஒரே நிறுவனம் அதுதான்.

தனியார் பல்கலைக்கழகம், அவர்கள் இடம், அவர்கள் விதி என்று என் ஆபீசில் ஒரு சார் சொல்வார். அரசியல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005-இல் 93-ஆம் திருத்தத்தின் மூலம் 15(5) என்ற பிரிவு வந்தது. சிறுபான்மை நிறுவனங்கள் தவிர்த்த தனியார் கல்வி நிறுவனங்களிலும் இட ஒதுக்கீடு கொண்டுவர அரசு சட்டம் இயற்றலாம் என்று அதில் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. மத்திய அரசு தன்னுடைய நிறுவனங்களுக்கு 2006-இலேயே சட்டம் போட்டுக்கொண்டது. தனியாருக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இன்னும் போடவில்லை. 2025 ஆகஸ்டில் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அதைப் போடுங்கள் என்று பரிந்துரைத்திருக்கிறது. தனியார் பள்ளிக்கூடங்களில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, குறைகளோடாவது நடக்கிறது. பதினெட்டு வயதானதும் அதே பிள்ளை ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்கிறது. சட்டப்படி வந்த இடமாக இருந்தால், என் தம்பி கோட் போட்டு ஃபிளெக்ஸில் நின்றிருக்க வேண்டியதில்லை. விதியைக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம்.

கட்டணத்தை மாற்றவே முடியாது என்று கடலூர்க்காரர்கள் சொல்லக் கூடாது. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு 2013-இல் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. எடுத்த பிறகும் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் பழைய கட்டணமே, அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு. 2020 கடைசியில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், வாரக்கணக்கில். ஹாஸ்டலையும் மெஸ்ஸையும் மூடிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. 2021 தொடக்கத்தில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, இன்று அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி, கட்டணமும் மற்ற அரசுக் கல்லூரிகளைப் போல. அங்கே போராடியவர்களில் பணம் கட்டியவர்களும் கட்ட முடியாதவர்களும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள் என்பது முக்கியம். தள்ளுபடியில் படிக்கிறவன் தனியாக உட்கார முடியாது, எட்டு இருக்கிறது.

தம்பி இந்த மே மாதம் முடித்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை, பெரிய சம்பளம் இல்லை. முதல் சம்பளத்தில் செயினை மீட்கிறேன் என்கிறான். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் என்று நான் திருத்தியிருக்கிறேன்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு அதேமாதிரி போன் வந்தது. வேறு பல்கலைக்கழகம், அதே பாட்டு: நூறு சதவீத ஸ்காலர்ஷிப், நாளைக்குள் பத்தாயிரம் கட்டினால் சீட் பிளாக். அவள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. கலந்தாய்வு வழியாக 7.5 சதவீதத்தில் போனால் டியூஷன் ஃபீஸும் ஹாஸ்டல் கட்டணமும் அரசே கட்டும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வேறு. அவள் அம்மா, "அங்க ஏசி கிளாஸாமே" என்றார்கள். நான் அந்தப் பெண்ணை உட்கார வைத்து அவள் போனிலிருந்தே ஒரு மெயில் எழுதினோம். நூறு சதவீதம் என்பது எந்தெந்தக் கட்டணத்தில், நாலு வருடத்துக்கும் ஹாஸ்டல், மெஸ் எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு ஏறும், சி.ஜி.பி.ஏ. இறங்கினால் எவ்வளவு போகும், உடம்பு சரியில்லாமல் போனால் விதிவிலக்கு உண்டா, உதவித்தொகை தாமதமானால் ஹால் டிக்கெட் தருவீர்களா, விலகினால் அந்தப் பத்தாயிரம் திரும்ப வருமா. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-இல் அறிவித்திருப்பதையும் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம்.

மறுநாள் போன் வந்தது. "மேம், இதெல்லாம் மெயில்ல சொல்ல முடியாது, நேர்ல வாங்க, கேம்பஸ் காட்றோம்" என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். குரலைக் கேட்டால் அவளுக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது. எழுத்தில் வந்தால்தான் பணம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கலந்தாய்வுப் பதிவை நேற்றே இ-சேவை மையத்தில் முடித்தாயிற்று. வங்கிக் கணக்கில் ஆதார் சீடிங் மட்டும் பாக்கி, திங்கட்கிழமை போக வேண்டும்.